நீரிறைக்கும் எஞ்சினின் கவர்னர்: திருத்தி அமைப்பதா, கழற்றி விடுவதா?

தோட்டங்களில் துலாவின் இடத்தைச் சிறு எஞ்சின்கள் பிடித்துக்கொண்ட பின்னர், கோடையில் கிணற்று நீர் இறங்கி வாய்க்காலில் நீரோட்டம் மெலியும் போதெல்லாம் கமக்காரர் பலர் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "எஞ்சினின் கவர்னரைக் கழற்றிவிட்டால் இன்னும் வேகமாக ஓடும், நீரும் கூடுதலாக வரும் என்கிறார்களே, கழற்றலாமா?" என்பதே அது. கழற்றலாகாது என்பதே இதற்கு விடை. ஆயினும் அவ்வளவிற் கூறி நிறுத்திவிட்டால் நீர் போதாத குறை தீர்ந்துவிடாது. கவர்னர் என்ன வேலை செய்கிறது, எப்பொழுது அதனைத் திருத்தி அமைக்கலாம், எப்பொழுது குற்றம் வேறிடத்தில் இருக்கிறது என்பவற்றை அறிந்து கொள்வீர்களாயின், பெரும்பாலும் கவர்னரைத் தொடாமலே நீரோட்டத்தைச் சீராக்கிக் கொள்ளலாம்.

கவர்னர் என்பது எஞ்சினின் வேகத்தைக் காவல் செய்யும் கருவி. 1788ஆம் ஆண்டில் ஜேம்ஸ் வாட் என்பவர் தமது நீராவி எஞ்சினுக்கு, சுழலும்போது விலகி விரியும் இரு குண்டுகளைப் பொருத்தி வேகத்தை ஒரே நிலையில் நிறுத்தினார். இன்று உங்கள் தோட்டத்தில் உள்ள சிறு எஞ்சினிலும் நடைபெறுவது அதுவே. எண்ணெய்ப் பெட்டியினுள் ஒரு சிறு பற்சில்லு சுழல்கிறது. அதில் இரு நிறைகள் பூட்டப்பட்டுள்ளன. வேகம் கூடுந்தோறும் அந்நிறைகள் விரிந்து, பெட்டிக்கு வெளியே நீட்டி நிற்கும் ஒரு மெல்லிய தண்டைத் திருப்புகின்றன. அத்தண்டில் இறுக்கப்பட்ட நெம்பு ஒரு கம்பியினால் காபுரேற்றரின் திறொட்டில் தகட்டோடு தொடுக்கப்பட்டுள்ளது. எரிபொருட் கலவை செல்லும் வழியைத் திறப்பதும் மூடுவதும் அத்தகடே. நிறைகள் விரிந்தால் தகடு மூடும். இதற்கு எதிராக ஒரு சுருள்வில் இழுத்துக்கொண்டிருக்கிறது. அது தகட்டைத் திறக்கும். ஆகவே நிறைகள் ஒரு பக்கமும் வில் மறுபக்கமுமாக இழுபறி நடத்த, இரண்டும் சமன்படும் இடத்தில் எஞ்சினின் வேகம் நிலைக்கிறது.

இங்கே பலர் கவனியாத செய்தி ஒன்றுண்டு. நீங்கள் "வேகம்" என்ற பக்கத்துக்குத் தள்ளும் பிடி, திறொட்டில் தகட்டை நேராகத் திறப்பதில்லை. அது அந்தச் சுருள்வில்லை இழுத்து வைக்கிறது, அவ்வளவே. இத்தனை சுற்று ஓடுக என்று கட்டளையிடுகிறீர்கள். அக்கட்டளையை நிறைவேற்றத் தகட்டை எவ்வளவு திறக்க வேண்டுமென்பதைக் கவர்னர் தீர்மானிக்கிறது. பம்பு நீரைத் தூக்கத் தொடங்கியதும் பாரத்தினால் வேகம் சற்றுக் குறைகிறது, நிறைகள் ஒடுங்குகின்றன, வில் தகட்டைத் திறக்கிறது, கலவை மிகுதியாகச் செல்ல எஞ்சின் பாரத்தை ஏற்கிறது. பாரம் மேலும் கூடினால் தகடு மேலும் திறக்கும். முழுதும் திறந்துவிட்டபின் கவர்னர் கொடுப்பதற்கு ஒன்றுமில்லை, தடுப்பதற்கும் ஒன்றுமில்லை. முழுதும் திறந்த கதவைக் காவற்காரனை நீக்கிவிட்டால் இன்னும் அகலத் திறக்க முடியுமா?

ஆகையால் முதலிற் செய்ய வேண்டிய சோதனை மிக எளிது. அதற்கு ஆயுதம் எதுவும் வேண்டியதில்லை. பம்பு வழக்கம்போல் நீரிறைத்துக் கொண்டிருக்க, பிடியை வேகப் பக்கத்தில் வைத்து, காபுரேற்றரின் மேல் உள்ள திறொட்டில் நெம்பை விரலால் திறக்கும் பக்கமாக மெல்லத் தள்ளிப் பாருங்கள். புகைப்போக்கி கொதிநிலையில் இருக்கும்; கையைச் சுட்டுக்கொள்ளாதீர்கள். தொளதொளத்த சட்டையோடும் இவ்வேலையைச் செய்யலாகாது.

நெம்பு மேலும் நகர மறுத்தால் தகடு ஏற்கெனவே முழுதும் திறந்திருக்கிறது. அப்படியாயின் உங்கள் எஞ்சினுக்கு வலுக் குறைவு. கவர்னருக்கும் அதற்கும் தொடர்பில்லை. காற்று வடிகட்டியைக் கழற்றிப் பாருங்கள். செம்மண் தோட்டங்களில் அது சில நாட்களிலேயே தூசி அடைத்து விடுகிறது. அதன்பின் பிளக், காபுரேற்றரில் எரிபொருள் வரும் நுண்துளை, வால்வுகளின் இடைவெளி, தேய்ந்த பிஸ்ரன் வளையங்கள் என்ற முறையில் ஆராய்க. எம்மிடம் முறையிடும் எஞ்சின்களிற் பலவற்றின் குற்றம் இந்த வரிசையில் முதல் இரண்டு இடங்களிலேயே அகப்பட்டுவிடும். கவர்னரைக் கழற்றியிருந்தாலும் இவற்றுக்கு ஒரு துளியேனும் நன்மை விளைந்திராது.

நெம்பு நகர்ந்து, எஞ்சினும் சீறி வேகமெடுத்தால், எஞ்சினிடம் வலு மீதமிருக்கிறது; கவர்னர் அதனை நீங்கள் கட்டளையிட்ட வேகத்தில் நிறுத்தி வைத்திருக்கிறது. அந்த வேகம் செய்தவர் குறித்த வேகந்தானா என்பதே அடுத்த கேள்வி. குறைவாயின் திருத்தி அமைக்கலாம். சரியாகவே இருப்பின் எஞ்சினை விட்டுவிட்டுப் பம்பையும் குழாயையும் கிணற்றையும் பாருங்கள்.

எத்தனை சுற்று என்பதை ஊகத்தால் அறிய இயலாது. பழகிய காதுக்கு வேகம் தெரியும் என்று சிலர் பெருமை கொள்வர். 3600 சுற்றுக்கும் 4200 சுற்றுக்கும் உள்ள வேற்றுமையை, பாரத்தோடு ஓடும் எஞ்சினிற் காதால் நிச்சயிக்கலாமென்று யான் நம்பவில்லை. பிளக் கம்பியின் மேல் சுற்றிவைக்கும் சிறு சுற்றெண்ணிகள் இப்பொழுது மலிவாகவே கிடைக்கின்றன; நாலைந்து கமக்காரர் சேர்ந்து ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை. பறப்புச் சில்லின் காந்தத்தினால் தீப்பொறி பெறும் ஒற்றை உருளைச் சிறு எஞ்சின்களில், நான்கு வீச்சு எஞ்சினாயினும், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பொறி விழும். சுற்றெண்ணியை "இரு சுற்றுக்கு ஒரு பொறி" என்ற நிலையில் வைத்து அளந்தால் உண்மை வேகத்தின் இருமடங்கைக் காட்டும். "ஒரு சுற்றுக்கு ஒரு பொறி" என்பதே இங்கு பொருந்தும் நிலை.

அளவுக்கு உதாரணமாக, நம் நாட்டில் மிகப் பரவியுள்ள ஹொண்டா ஜீ.எக்ஸ். 160 வகையை எடுத்துக் கொள்வோம். 163 கன சென்றிமீற்றர் கொள்ளளவுள்ள இவ்வெஞ்சின் தன் குறித்த வலுவை 3600 சுற்றிற் கொடுக்கிறது. பாரமின்றி ஓடுகையில் அதன் உச்ச வேகம் 3850 சுற்று. 150 கூடியோ குறைந்தோ இருக்கலாம். பாரம் ஏறும்போது வேகம் இவ்வாறு சற்று இறங்குவது கவர்னரின் இயல்பு. அதனைக் குறையாகக் கருதி வில்லை இறுக்குவோர் பிழை செய்கின்றனர். அதே எஞ்சினின் மிகுந்த முறுக்குவிசை 2500 சுற்றளவிலேயே கிடைக்கிறது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. வேறு வகை எஞ்சினாயின் அதன் கைநூலில் உள்ள எண்ணையே பின்பற்றுக.

திருத்தி அமைக்கும் முறை இரு பகுதியானது. முதலாவது, எஞ்சின் நிற்கும்போது செய்வது. வேண்டுமாயின் எரிபொருட் தாங்கியைக் கழற்றி வழிசெய்துகொண்டு, வெளித்தண்டில் நெம்பை இறுக்கும் நட்டைத் தளர்த்துக. திறொட்டில் தகடு முழுதும் திறக்கும்வரை நெம்பைத் தள்ளுக. நெம்பை அந்நிலையிற் பிடித்துக்கொண்டே, நெம்பு எத்திசையிற் சென்றதோ அதே திசையில் வெளித்தண்டையும் அது மேலும் திரும்ப மறுக்கும் வரை திருப்பி, நட்டை இறுக்கிவிடுக. இங்கே திசை தவறினால் கவர்னர் வேலை செய்யாது. எஞ்சின் தொடக்கத்திலேயே கட்டுமீறி ஓடும். ஆதலால் முதன்முறை இயக்கும்போது பிடியை மெதுப் பக்கத்தில் வைத்து, நிறுத்தும் ஆளியில் ஒரு கையை வைத்துக் கொண்டே இயக்குக. இரண்டாவது பகுதி, எஞ்சின் சூடேறிய பின் செய்வது. பாரமின்றி ஓடவிட்டு, பிடியை மெல்ல வேகப் பக்கம் தள்ளி, சுற்றெண்ணி உச்ச அளவைக் காட்டுமிடத்தில் நிறுத்துக. பிடி அதற்கப்பால் நகராதபடி எல்லைத் திருகாணியைத் திருப்பி வைக்க. திருகாணித் தலையில் ஒரு பொட்டு வர்ணம் இட்டுவிட்டால், பின்னர் எவரேனும் தொட்டிருந்தால் தெரிந்துவிடும்.

காபுரேற்றரின் அருகே மற்றொரு சிறு திருகாணி உண்டு. அது எஞ்சின் சும்மா ஓடும் வேகத்துக்கு உரியது. நீரிறைக்கும் வேகத்தை அது மாற்றாது. அதனைத் திருகித் திருகிச் சலித்தோர் பலர்.

வில் இழுபட்டு நீண்டிருந்தால் அதே இலக்கமுள்ள புதிய வில்லையே போடுக. கட்டிலிலோ பழைய இரும்புக் கடையிலோ அகப்பட்ட வில்லைப் பூட்டுவது கண்ணை மூடிக்கொண்டு வேகத்தை நிர்ணயிப்பதாகும். தொடுக்கும் கம்பியைச் சுற்றி மயிர்போன்ற மெல்லிய வில் ஒன்றும் இருக்கும். அது தொலைந்துவிட்டால் இணைப்பு ஆடி, வேகம் ஏறி இறங்கிக் கொண்டிருக்கும். அவ்வாறு ஏறி இறங்குவதற்கு அழுக்கடைந்த காபுரேற்றரும் காரணமாதல் உண்டு, அதுவே பெரும்பான்மை.

இனி, கழற்றினால் என்ன நேரும் என்பதைப் பார்ப்போம். 3600 சுற்றில் ஓடும் எஞ்சினின் பிஸ்ரன் ஒரு செக்கனுக்கு 120 தடவை நின்று திரும்புகிறது. ஒவ்வொரு முறையும் அதனை இழுத்து நிறுத்துவது கனெக்ரிங் றொட் எனப்படும் இணைப்புக் கோல். அக்கோலின் மேல் விழும் இழுவை, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. வேகம் ஒன்றரை மடங்காகி 5400 சுற்றை எட்டினால் இழுவை இரண்டேகால் மடங்காகும். 7200 ஆனால் நான்கு மடங்கு. சிறு எஞ்சின்களில் இக்கோல் பெரும்பாலும் அலுமினிய வார்ப்பு. அது ஒடிந்தால் எண்ணெய்ப் பெட்டியைப் பிளந்துகொண்டு வெளியே வரும். வார்ப்பிரும்புப் பறப்புச் சில்லு வெடித்துச் சிதறினாலோ, அருகில் நிற்பவருக்கு உயிராபத்து.

இவ்வளவு வேகத்தில் யார் ஓட்டப்போகிறார்கள் என்று கேட்பீர்கள். எவரும் ஓட்ட வேண்டியதில்லை. பம்பே அதைச் செய்துவிடும். அடிவால்வு கசிந்து உறிஞ்சு குழாயிற் காற்றுப் புகுந்தாலும், கிணற்று நீர் குழாய் வாயினும் கீழே இறங்கிவிட்டாலும், பம்பின் பாரம் நொடியில் மறைந்துவிடுகிறது. கவர்னர் இருந்தால் திறொட்டில் அக்கணமே மூடிக்கொள்ளும். இல்லையேல் முழுதும் திறந்த திறொட்டிலோடு, பாரம் ஏதுமின்றி, எஞ்சின் சீறிப் பாயும். அவ்வேளையிற் கமக்காரர் எங்கே நிற்பார்? வெங்காயப் பாத்தியின் கடைக்கோடியில், மண்வெட்டியோடு, நீர் திருப்பிக்கொண்டு நிற்பார். கிணற்றடிக்கு ஓடிவந்து சேரும்முன் காரியம் முடிந்துவிடும். கிணற்றடியிலோ குளிக்க வந்த பிள்ளைகள் இருப்பர்.

இளைஞர் சிலர், "பந்தய வண்டிகளில் இதே எஞ்சினின் கவர்னரைக் கழற்றித்தானே ஓட்டுகிறார்கள்" என்று வாதிப்பதுண்டு. உண்மையே. 1956ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஆர்ட் இங்கெல்ஸ் என்பவர் புல்வெட்டும் இயந்திரத்துக்கான எஞ்சினைப் பூட்டி முதற் கார்ட் வண்டியைச் செய்தார். அன்று முதல் சிறு எஞ்சின்களோடு பந்தயம் நடைபெறுகிறது. ஆயினும் கார்ட்டில் ஒருவர் அமர்ந்து, தம் பாதத்தால் ஒவ்வொரு கணமும் திறொட்டிலை ஆள்கிறார். அப்பாதமே அங்கு கவர்னர். மேலும் விவரமறிந்தவர் வெறுமனே கழற்றி விடுவதில்லை. உருக்கிலோ கட்டி அலுமினியத்திலோ கடைந்தெடுத்த பறப்புச் சில்லு, வலிய இணைப்புக் கோல், கடினமான வால்வு வில் ஆகிய எல்லாவற்றையும் மாற்றிய பின்னரே ஓட்டுகின்றனர். அவர்கள் அந்தச் செலவை விளையாட்டுக்காகச் செய்கிறார்கள். மிளகாய்த் தோட்டத்துக்கு அது எதற்கு?

இனி நீரைப் பற்றிய கணக்கு. மையநீக்கப் பம்பின் வேகத்தைக் கூட்டினால் வரும் நீர் ஏறத்தாழ அதே வீதத்திலேயே கூடும். ஆனால் அதற்கு வேண்டிய வலு வேகத்தின் கனத்துக்கு ஏற்பக் கூடும். எஞ்சினை 3000 சுற்றிலிருந்து 3300 ஆக்கினால் நீர் நூற்றுக்கு 10 வீதம் கூட, வலு நூற்றுக்கு 33 வீதம் கூடும். 3600 ஆக்கினால் நீர் நூற்றுக்கு 20, வலு நூற்றுக்கு 73. எரிபொருட் செலவும் அதையொட்டியே ஏறும். ஆகவே வேகத்தாற் பெறும் நீர் விலையுயர்ந்த நீர். அதே நீரைக் குழாயிற் பெறுவது மலிவு: வளைவுகளைக் குறையுங்கள், சிறிய குழாயை நீக்கிப் பம்பின் வாயளவுக்குக் குறையாத குழாயைப் போடுங்கள், அடிவால்வின் சல்லடையிற் படிந்த பாசியைச் சுரண்டிவிடுங்கள், இணைப்புகளில் காற்றுப் புகாதபடி இறுக்குங்கள்.

உறிஞ்சும் ஆழத்துக்கும் ஓர் எல்லை உண்டு. வளிமண்டல அமுக்கம் நீரை 10 மீற்றருக்குச் சற்று மேலேயே தாங்க வல்லது. நடைமுறையில் நல்ல பம்பு 7 மீற்றர், அதாவது சுமார் 23 அடிக்கு மேல் உறிஞ்சுமென எதிர்பார்க்கலாகாது. கோடையில் நீர் அதற்குக் கீழே இறங்கினால் எத்தனை வேகம் ஓட்டினாலும் பயனில்லை. வேகம் கூடக்கூட உறிஞ்சு குழாயில் நீர்த்தொடர் அறுபடுவதும் கூடும். இதனாற் சிலர் எஞ்சினையே கிணற்றுக்குள் தட்டமைத்து இறக்குகின்றனர். இதனை வன்மையாகத் தடுக்கிறோம். எஞ்சினின் புகையில் உள்ள காபனோரொட்சைட்டு வாயுவுக்கு மணமும் நிறமும் இல்லை. காற்றோட்டமற்ற கிணற்றில் அது தேங்கி நிற்கும். இறங்கியவரும், அவரைத் தூக்க இறங்கியவரும் மடிவர். ஆழம் கூடிய கிணற்றுக்கு நீரில் மூழ்கும் மின்பம்பே தக்கது.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கற் கிணறுகளை உடையோர் இன்னுமொன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். அங்கு நன்னீர், உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால் அதன் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் உண்டு என்பது நிலநீர் நூலாரின் கணக்கு. மேலே 1 அடி குறைந்தால் கீழிருந்து உவர் 40 அடி ஏற இடமுண்டு. எஞ்சினின் வேகத்தைக் கூட்டினாற் கிணறு ஊறும் வேகம் கூடாது. ஒரே மூச்சில் இறைத்து வற்றவைப்பதைவிட, காலையும் மாலையுமாக மெல்ல இறைப்பதே அக்கிணறுகளுக்குப் பொருந்தும்.

மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின்களுக்கு மறுபக்க எச்சரிக்கையும் வேண்டும். எரிபொருளை மிச்சப்படுத்தக் கருதிக் கவர்னரை மிகத் தளர்த்தி மெதுவாக ஓட்டினால் எஞ்சின் போதிய சூடேறாது. எரியாத மண்ணெண்ணெய் உருளைச் சுவர் வழியே வடிந்து எண்ணெயை நீர்க்கச் செய்யும். எண்ணெய்க் கோலில் மட்டம் குறையாமல் கூடி, மண்ணெண்ணெய் மணமும் வீசினால் இதுவே காரணம் எனக் கொள்க.

மின்பிறப்பாக்கியைச் சுழற்றும் எஞ்சினின் கவர்னரைத் தக்க அளவுகருவி இன்றித் தொடவே வேண்டாம். இரு முனைவுப் பிறப்பாக்கி 3000 சுற்றில் ஓடினாலே நம் நாட்டு 50 ஹேர்ட்ஸ் மின் கிடைக்கும். வேகம் மாறினால் விளக்கும் மோட்டரும் கெடும்.

இருசக்கர உழவு இயந்திரங்களின் டீசல் எஞ்சின்களைப் பற்றியும் ஒரு சொல். அவற்றிற் காற்றைத் தடுக்கும் திறொட்டில் தகடு இல்லை. கவர்னர் டீசலின் அளவையே ஆள்கிறது. அதன் இணைப்பு விட்டுப்போனால் எஞ்சின் தானாகவே வெறிகொண்டு ஓடத்தொடங்கும். உடனே டீசல் வழியை மூடி, அமுக்கம் தளர்த்தும் நெம்பை உயர்த்துங்கள். அதனாலும் நில்லாவிடில், காற்றுக் குழாயின் வாயைத் தட்டையான பலகையால் அடைக்க வேண்டும், கையால் அடைத்தலாகாது. பக்கவாட்டில் நின்றே செய்க. பறப்புச் சில்லுக்கு நேரே நிற்க வேண்டாம்.

முன்னரே கவர்னர் கழற்றப்பட்ட எஞ்சினை விலைக்கு வாங்கியிருப்போர், அல்லது பிறர் கழற்றிவிட்டதை அறியாதிருப்போர், இவ்வாறு சோதிக்கலாம். எஞ்சின் நிற்கையில் பிடியை வேகப் பக்கம் தள்ளுக. வில் இழுபட்டு நெம்பும் திறொட்டிலும் திறந்த நிலைக்குச் செல்ல வேண்டும். வெளிநெம்போ கம்பியோ இல்லாமல், பிடியிலிருந்து ஒரு கம்பி நேரே திறொட்டிலுக்குச் சென்றால் கவர்னர் நீக்கப்பட்டதென அறிக. வெளிப்பகுதிகள் மட்டும் போயிருந்தால் மீண்டும் வாங்கிப் பூட்டுவது சிறு செலவு. வெளித்தண்டு இருந்த துளையை ஆணியால் அடைத்திருந்தால் உள்ளே பற்சில்லும் எடுக்கப்பட்டிருக்கும். எண்ணெய்ப் பெட்டியைத் திறந்தே பூட்ட வேண்டும். நெட்டுத்தண்டுள்ள சில வகைகளில் எண்ணெயை வாரித் தெளிப்பதும் அந்தப் பற்சில்லோடு சேர்ந்த உறுப்பே. அது இல்லாத எஞ்சின் எண்ணெயின்றி ஓடி ஏற்கெனவே தேய்ந்திருக்கக்கூடும். பெட்டி திறந்திருக்கும்போதே இணைப்புக் கோலின் கீழ்முனையைக் கையால் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் கோலையும் மாற்றிய பின்னரே பம்போடு பூட்டுங்கள்.